ஆளைத் தொடரும் கேமரா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆள் நகரும் பக்கமெல்லாம் தானே திரும்பும் கேமராவை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இந்த மாதப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டன. பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: பத்தாம் வகுப்புக்குக் கணிதம் நடத்துகிறேன். 12 அடி அகலமுள்ள கரும்பலகையில் எழுதியபடி பாடம் நடத்துவதைக் கைப்பேசியில் பதிவு செய்து மாணவர்களுக்கு அனுப்புவது வழக்கம். ஸ்டாண்டைப் பத்தடி தள்ளி வைத்தால் எழுத்து சிறிதாகத் தெரிகிறது. அருகில் வைத்தால் நான் படத்தை விட்டு வெளியே போய்விடுகிறேன். பொறியியல் படிக்கும் என் மகன், மோட்டார் வைத்துத் திரும்பும் கேமரா செய்து தருகிறேன் என்கிறான். என்னென்ன வாங்க வேண்டும்?
— ஓர் ஆசிரியை, விருதுநகர்

பதில்: வாங்க வேண்டியவற்றைச் சொல்வதற்கு முன், தங்களுக்கு மோட்டார் தேவைதானா என்று பார்த்துவிடுவோம். பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மைக் கேமரா கிடைமட்டத்தில் 60 முதல் 70 பாகை வரை பார்க்கிறது. 60 பாகை என்றே வைத்துக்கொண்டாலும், 10 அடி தொலைவில் அதன் பார்வைக்குள் ஏறத்தாழ பதினொன்றரை அடி அகலம் அடங்கிவிடும். 30 பாகையின் டேன் மதிப்பைக் கொண்டு தாங்களே இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆகவே பலகை கிட்டத்தட்ட முழுவதுமாக ஏற்கெனவே படத்துக்குள் இருக்கிறது. குறை எழுத்தின் அளவில் மட்டும்தான்.

4கே தரத்தில் பதிவு செய்தால் படத்தின் அகலம் 3840 பிக்சல். மாணவர்கள் கைப்பேசியில் பார்ப்பதற்கு 1920 பிக்சல் தாராளமாகப் போதும். பெரிய படத்திலிருந்து பாதி அகலமுள்ள ஒரு சட்டத்தை மட்டும் வெட்டி எடுத்தால், சுமார் 6 அடிப் பலகை, தெளிவு குறையாமல், இரு மடங்கு பெரிதாகத் தெரியும். அந்தச் சட்டத்தைத் தங்களோடு இடமும் வலமும் நகர்த்துவது மட்டுமே மென்பொருளின் வேலை. ஆப்பிள் நிறுவனம் 2021இல் ஐபேட் ப்ரோவில் கொண்டுவந்த சென்டர் ஸ்டேஜ் வசதியும் இந்த உத்திதான்: கேமரா அசைவதில்லை, அதன் அகலமான படத்துக்குள் வெட்டும் சட்டம் நகர்கிறது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. மோட்டார் வைத்த கேமரா, ஆள் நகர்ந்த பிறகுதான் நகர முடியும். எவ்வளவு விரைவான கருவியானாலும் சிறிது பின்தங்கியே தீரும். பதிவு முடிந்த பிறகு வெட்டும் மென்பொருளோ, அடுத்த இரண்டு விநாடிகளில் தாங்கள் எங்கே போகப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே பார்த்துவிட்டுச் சட்டத்தை மெதுவாக நகர்த்தத் தொடங்கலாம். அரைக்கணம் இடப்புறம் சாய்ந்துவிட்டு மறுபடி வலப்புறமே திரும்பினீர்கள் என்றால், அந்தச் சாய்வைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடவும் முடியும்.

மகனிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: முகத்தைத் தேட வேண்டாம். பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் 2001இல் வெளியிட்ட முகம் காணும் முறை படங்களை ஆராய உதவும் ஓப்பன்சிவி என்ற இலவச மென்பொருள் தொகுப்பில் கிடைக்கிறது என்பதாலும், எளிய கணினியிலும் விரைவாக ஓடும் என்பதாலும் மாணவர்கள் எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் அது நேர்முகமாகத் தெரியும் முகத்தையே நம்பியிருக்கிறது. பலகையில் எழுதும் ஆசிரியர் பாதி நேரம் முதுகைத்தான் காட்டுவார். மீடியாபைப் என்ற இன்னொரு மென்பொருள் தொகுப்பில், உடல் நிற்கும் நிலையைக் கண்டறியும் மாதிரி, ஓர் ஆளின் உடலில் 33 புள்ளிகளைக் குறித்துத் தருகிறது. அவற்றில் இரு தோள்களின் நடுப்புள்ளியைத் தொடர்ந்தால், முதுகு திரும்பினாலும் எளிதில் பிடி தவறாது.

கேள்வி: ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி, அதற்கான கேமரா, சொன்ன கோணத்தில் திரும்பி நிற்கும் எஸ்ஜி90 சர்வோ மோட்டார்கள் இரண்டு ஆகியவற்றைக் கொண்டு முகத்தைத் தொடரும் கருவி செய்தேன். வேலை செய்கிறது. ஆனால் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் கேமரா ‘இல்லை இல்லை’ என்று தலையாட்டிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?
— பொறியியல் மாணவர், திருச்சி

பதில்: நாங்கள் முதன்முதலில் செய்த கருவியும் இப்படித்தான் தலையாட்டியது. மோட்டார் பழுது என்று நினைத்து இரண்டு முறை மாற்றினோம். பழுது எங்கள் நிரலில் இருந்தது. இந்த ஆட்டத்துக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

முதலாவது, நீங்கள் அசையாவிட்டாலும் உங்கள் முகத்தைச் சுற்றி மென்பொருள் வரையும் கட்டம் அசைகிறது. ஒளி சற்று மாறினாலும், கண் இமைத்தாலும் கட்டத்தின் மையம் ஒவ்வொரு ஃபிரேமிலும் சில பிக்சல்கள் நகரும். அந்த நகர்வை உண்மை என்று நம்பிக் கேமராவும் திரும்புகிறது. படத்தின் நடுவில் ஒரு சும்மா இருக்கும் பகுதியை வைத்துவிடுங்கள்: 640 பிக்சல் அகலப் படத்தில், மையத்திலிருந்து இருபுறமும் 60 பிக்சலுக்குள் முகம் இருக்கும் வரை மோட்டாருக்கு எந்த ஆணையும் போகக்கூடாது. கல்யாண வீட்டில் அனுபவமுள்ள வீடியோக்காரரைக் கவனித்திருப்பீர்கள். மணப்பெண் தலையைத் திருப்பும்போதெல்லாம் அவர் கேமராவைத் திருப்புவதில்லை. எழுந்து நடந்தால்தான் திருப்புவார். உங்கள் கருவிக்குக் கண் இருக்கிறது. அந்தப் பொறுமை இன்னும் வரவில்லை.

இரண்டாவது, காலதாமதம். கேமரா படம் எடுத்து, பை அதை ஆராய்ந்து, மோட்டார் திரும்பி முடிப்பதற்குள் 0.2 விநாடி ஆகிறது என்று கொள்வோம். 3 மீட்டர் தொலைவில் ஒருவர் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் குறுக்கே நடந்தால், கேமராவைப் பொறுத்தவரை அவர் விநாடிக்குச் சுமார் 19 பாகை நகர்கிறார், 0.2 விநாடியில் ஏறத்தாழ 4 பாகை. ராஸ்பெர்ரி பைக்கான கேமரா மாட்யூல் 2 கிடைமட்டத்தில் 62 பாகை பார்ப்பதால், 640 பிக்சல் படத்தில் ஒரு பாகை என்பது 10 பிக்சலுக்குச் சற்று அதிகம். ஆக, உங்கள் நிரல் பார்க்கும் இடத்துக்கும் ஆள் இருக்கும் இடத்துக்கும் எப்போதும் 40 பிக்சல் வித்தியாசம் இருக்கும். இந்த நிலையில் காணும் பிழை முழுவதையும் ஒரே தாவலில் திருத்த முயன்றால், முந்தைய திருத்தம் படத்தில் தெரிவதற்குள் அடுத்த திருத்தமும் போய்ச் சேர்ந்து, கேமரா இலக்கைத் தாண்டி ஓடும், பிறகு திரும்பி வரும், மறுபடி தாண்டும். நீங்கள் காணும் தலையாட்டல் பெரும்பாலும் இதுதான். பிழையைப் பாகையாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அதில் கால் பங்கை மட்டும் திருத்துங்கள்.

தாமதம் எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். ஒரு கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு அதைக் கேமராவுக்குக் காட்டுங்கள். அசல் ஸ்டாப்வாட்சும், கணினித் திரையில் தெரியும் அதன் படமும் ஒன்றாக விழும்படி இன்னொரு கைப்பேசியில் புகைப்படம் எடுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசமே, படம் திரைக்கு வந்து சேர ஆகும் தாமதம். அது அரை விநாடிக்கு மேல் இருந்தால், ஆராய்ச்சி முடிவதற்குள் பழைய ஃபிரேம்கள் வரிசையில் தேங்குகின்றன என்று சந்தேகிக்கலாம். படம் வாங்கும் வேலையை, மற்ற வேலைகளுக்கு இணையாக ஓடும் தனி இழையில் (thread) ஓடவிட்டு, எப்போதும் கடைசி ஃபிரேமை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காரணம் மோட்டாரைச் சேர்ந்தது. சர்வோவுக்கு 20 மில்லி விநாடிக்கு ஒரு முறை பல்ஸ், அதாவது மின் துடிப்பு, போக வேண்டும். அந்தப் பல்ஸின் நீளம் 1 முதல் 2 மில்லி விநாடிக்குள் எவ்வளவு என்பதை வைத்துத்தான் அது எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. பல வேலைகளுக்கு நடுவே பை இந்தப் பல்ஸை மென்பொருளால் உருவாக்கும்போது நீளம் சற்றே முன்பின்னாகும், சர்வோ நடுங்கும். பிசிஏ9685 என்ற சிறு மின்சுற்றுப் பலகையிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டால் இந்த நடுக்கம் போய்விடும். எஸ்ஜி90இன் பிளாஸ்டிக் பற்சக்கரங்களில் இயல்பாகவே உள்ள தளர்வுக்கு மட்டும் மருந்து கிடையாது.

பிழையின் இப்போதைய அளவு, இதுவரை சேர்ந்த அளவு, மாறும் வேகம் ஆகிய மூன்றையும் வைத்துத் திருத்தும் பிஐடி கட்டுப்பாடு தேவையா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அந்த முறைக்குக் கணித வடிவம் தந்தவர்களில் முன்னோடியான நிக்கோலஸ் மினோர்ஸ்கி, 1922இல் எழுதிய கட்டுரை கப்பலைத் தானே செலுத்தும் கருவியைப் பற்றியது. சுக்கான் பிடிப்பவர் இப்போதைய விலகலை மட்டும் பார்ப்பதில்லை, இதுவரை சேர்ந்த விலகலையும் அது மாறும் வேகத்தையும் சேர்த்தே கணிக்கிறார் என்பது அவருடைய கவனிப்பு. உங்கள் கருவியில், ஒவ்வொரு திருத்தத்தையும் முந்தைய கோணத்தோடு கூட்டிக்கொண்டே போவதால், ‘இதுவரை சேர்ந்தது’ என்ற பகுதி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. அதை இன்னொரு முறை சேர்த்தால் ஆட்டம்தான் கூடும். கால் பங்குத் திருத்தமும் சும்மா இருக்கும் பகுதியும் அமைந்த பிறகும் குறை தெரிந்தால் மட்டும் மாறும் வேகத்துக்கான பகுதியைச் சிறிதளவு சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: நான் வலப்புறம் போனால் என் கேமரா இடப்புறம் திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறது.
— வாசகர், ஈரோடு

பதில்: ஒரு கூட்டல் குறி கழித்தல் குறியாக வேண்டும், அவ்வளவுதான். சர்வோவைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தாலோ, முன்பக்கக் கேமராவின் படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறி வந்தாலோ இப்படி ஆகும். இரண்டும் ஒருசேர இருந்தால் கருவி சரியாக வேலை செய்யும் என்பதும், பிறகு ஒன்றை மட்டும் திருத்தியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதும் உண்டு.

கேள்வி: மோட்டார் வேகமாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும் ராஸ்பெர்ரி பை அணைந்து மீண்டும் தொடங்குகிறது. பவர் பேங்க் புதியதுதான்.
— வாசகி, சேலம்

பதில்: மோட்டாருக்கும் பைக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் போவதே காரணம். சிறிய எஸ்ஜி90 கூட, கிளம்பும் கணத்திலோ எதிலாவது முட்டி நிற்கும்போதோ அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; இரண்டு மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பினால் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து, பை விழுந்துவிடுகிறது. மோட்டார்களுக்கென 5 வோல்ட், 2 ஆம்பியர் தரும் தனி அடாப்டர் வையுங்கள். இரண்டு மின்மூலங்களின் கிரவுண்ட் கம்பிகளையும் ஒன்றாக இணைக்க மறக்க வேண்டாம். இணைக்காவிட்டால் பல்ஸ் எந்த அளவோடு ஒப்பிடப்பட வேண்டும் என்று மோட்டாருக்குத் தெரியாமல் தாறுமாறாக ஆடும். மோட்டார் பக்கம் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் சேர்ப்பது நல்லது.

கேள்வி: வீட்டுக் கூடத்தில் பரதநாட்டியம் கற்றுக்கொடுக்கிறேன். வெளியூர் மாணவிகளுக்காக நான் ஆடிக் காட்டுவதைப் பதிவு செய்ய, சர்வோ வைத்த ஆயத்தக் கருவி ஒன்றை வாங்கினேன். கையை நீட்டினாலே கேமரா கைப்பக்கம் போகிறது. மோட்டார் சத்தமும் பதிவில் கேட்கிறது.
— நடன ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: உடலைச் சுற்றிய கட்டத்தின் மையத்தைத் தொடரும் கருவிகளில் எல்லாம் இந்தச் சிக்கல் வரும். ஒரு கையைப் பக்கவாட்டில் முழுவதும் நீட்டினால் கட்டம் அந்தப் பக்கம் அகன்று, மையமும் நகர்ந்துவிடுகிறது. தோள்கள் இரண்டு, இடுப்பின் இருபுறம் என நான்கு புள்ளிகளின் சராசரியைத் தொடரச் செய்தால், கைகள் எங்கே போனாலும் கேமரா உடலோடு நிற்கும்.

அதைவிட முக்கியமாக, மேலும் கீழும் திரும்பும் வசதியை நிறுத்திவையுங்கள். அரைமண்டியில் அமரும்போது கேமராவும் கூடவே தாழ்ந்தால், எவ்வளவு தாழ்ந்து அமர்ந்தீர்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியாமலே போகும். முழுமண்டியில் இந்த இழப்பு இன்னும் பெரிது. மாணவி கற்க வேண்டியதே அந்த உயர வித்தியாசத்தைத்தான். தலைக்கு மேல் ஓரடி இடம் விட்டு, பாதம் வரை தெரியும்படி கேமராவின் சாய்வை ஒருமுறை அமைத்துப் பூட்டிவிடுங்கள். இடவலமாக மட்டும் திரும்பட்டும்.

சத்தத்தைப் பொறுத்தவரை, சர்வோவின் பற்சக்கரங்கள் இரைவதைத் தடுக்க முடியாது. ஜதிகளில் தட்டுக்கழியின் ஒலி அதை மூடிவிடும், அபிநயத்தின்போதுதான் உறுத்தும். புதிதாகச் செய்துகொள்ள ஆளிருந்தால், ஒரு சுற்றுக்கு 200 படிகள் கொண்ட நேமா 17 ஸ்டெப்பர் மோட்டாரையும், அதை ஓசையின்றி ஓட்டுவதற்கென்றே பெயர்பெற்ற டிஎம்சி2209 டிரைவரையும் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பகுத்து, 20 பல் சக்கரத்திலிருந்து 100 பல் சக்கரத்துக்கு டைமிங் பெல்ட் போட்டால், கேமரா ஒரு முழுச் சுற்றை 16,000 சிறு படிகளில் சுற்றும். அந்த நகர்வில் தடுக்கல் கண்ணுக்குத் தெரியாது. கேமராவின் எடையை மோட்டாரின் தண்டில் ஏற்றாமல், பேரிங் பொருத்திய சுழலும் தட்டில் வைக்க வேண்டும். கேபிள் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, இருபுறமும் 90 பாகைக்கு மேல் போகாதபடி நிரலிலேயே எல்லை கட்டிவிடுங்கள்.

கேள்வி: நான் பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது குறுக்கே நடந்தால் கேமரா அவர் பின்னாலேயே போய்விடுகிறது. என்னை மட்டும் தொடரச் செய்ய முடியுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் நிரல் ஒவ்வொரு ஃபிரேமிலும் ‘ஆள் எங்கே’ என்று புதிதாகக் கேட்கிறது, ‘சற்றுமுன் பார்த்த ஆள் எங்கே’ என்று கேட்பதில்லை. ஒருவர் போன திசையையும் வேகத்தையும் வைத்து அடுத்த ஃபிரேமில் எங்கே இருப்பார் என்று கணித்து, அந்த இடத்துக்கு மிக அருகில் இருப்பவரை மட்டும் அவராக ஏற்றுக்கொள்ள வேண்டும். இப்படிக் கணிப்பையும் அளவீட்டையும் சேர்த்துப் பார்ப்பதற்கு ருடால்ஃப் கால்மன் 1960இல் வெளியிட்ட வடிகட்டி முறை தோதானது. ஓப்பன்சிவியில் அது ஆயத்தமாகவே இருக்கிறது. சட்டையின் நிறத்தையும் கூடுதல் அடையாளமாகச் சேர்க்கலாம், இருவரும் வெள்ளைச் சட்டை அணியாதவரை.

பிடி தவறிய கணத்தில் கேமரா என்ன செய்ய வேண்டும் என்பதைப் பலர் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். நின்ற இடத்திலேயே இரண்டு விநாடி காத்திருக்கட்டும். பெரும்பாலும் குறுக்கே வந்தவர் கடந்துவிடுவார், நீங்கள் மறுபடி தெரிவீர்கள். அதற்கும் மேல் ஆள் கிடைக்காவிட்டால் மெதுவாக மேடையின் நடுவுக்குத் திரும்பட்டும். தேடி அலைவதைப் படத்தில் பார்ப்பதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. கூட்டம் நிறைந்த இடமென்றால் கேமராக் கண்ணை நம்பாமல், சட்டைப்பையில் வைக்கும் அல்ட்ரா வைட்பேண்ட் ரேடியோ வில்லையைத் தொடரச் செய்வது மேல். தடையற்ற இடத்தில் அதன் பிழை பத்து சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும்.

கேள்வி: ஊரில் தனியாக இருக்கும் அம்மா வீட்டுக்குள் எங்கே போனாலும் தொடர்ந்து பார்க்கும் கேமரா வைக்க விரும்புகிறேன்.
— வாசகர், சென்னை

பதில்: கேமரா ஓர் அறையின் சுவர் வரைதான் தொடரும். வயதானவர்கள் வழுக்கி விழக்கூடிய இடமான குளியலறையில் அதை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. தனிநபர் தம் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்கு 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்பதால், அந்தச் சட்டம் உங்களைத் தடுக்காது. ஆனால் தான் திரும்பும் பக்கமெல்லாம் ஒரு கண்ணும் கூடவே திரும்புவதை அம்மா ஏற்கிறாரா என்று கேட்டீர்களா என்பது கடிதத்தில் இல்லை. எங்கள் கருத்தில், கழுத்தில் அணியும் அவசர அழைப்புப் பொத்தான் இந்தத் தேவைக்கு மேலானது. அவர் சம்மதித்து, கூடத்தில் மட்டும் வைப்பதென்றால், அசையாத அகலப் பார்வைக் கேமரா ஒன்று போதும். படம் வீட்டுக்குள்ளேயே சேமிக்கப்படும்படி அமையுங்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். என்னிடம் ஆர்டுயினோ ஊனோ என்ற நிரல் எழுதக்கூடிய சிறு மின்சுற்றுப் பலகையும் ஒரு சர்வோவும் மட்டும்தான் இருக்கின்றன. ஆள் நடமாட்டம் அறியும் பிஐஆர் சென்சார் வாங்கினால் இந்தக் கருவியைச் செய்யலாமா?
— மாணவர், நாகர்கோவில்

பதில்: பிஐஆர் சென்சார், யாரோ அசைந்தார்கள் என்று சொல்லும், எந்தப் பக்கம் என்று சொல்லாது. அதற்குப் பதில், ஒளிக்கேற்ப மின்தடை மாறும் எல்டிஆர் இரண்டு வாங்குங்கள், மிகவும் மலிவானவை. ஒரு சிறு அட்டையின் இருபுறமும் ஒவ்வொன்றாக ஒட்டி, அட்டையை சர்வோவின் மேல் நிறுத்துங்கள். ஒவ்வொன்றோடும் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தொடராகச் சேர்த்து, இரண்டும் இணையும் முனைகளை ஏ0, ஏ1 பின்களுக்குக் கொடுத்தால், ஆர்டுயினோ ஒவ்வொரு பக்கத்து ஒளியையும் 0 முதல் 1023 வரையிலான எண்ணாகப் படிக்கும். இருட்டறையில் டார்ச்சைக் கையில் பிடித்து நடந்தால், ஒளி சாய்வாக விழும்போது அட்டையின் நிழல் ஒரு சென்சாரை மறைக்கும். எந்தப் பக்கம் ஒளி கூடுதலோ அந்தப் பக்கம் சர்வோவை ஒரு பாகை திருப்பச் சொல்லுங்கள். இரண்டு எண்களின் வித்தியாசம் 50க்குள் இருந்தால் திரும்ப வேண்டாம் என்று எழுதுங்கள். அது ஓடத் தொடங்கிய பிறகு, அந்த 50ஐ ஒருமுறை 0 ஆக்கிவிட்டு, திருச்சி மாணவருக்கு எழுதிய பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கருவியைக் கவனியுங்கள்.